பாக்டீரியாவுக்கும் கோரம் உண்டு

செமஸ்டர் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இனியும் எழுதாமல் இருந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்தான். இந்த முறை நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறையின் வரலாறு: நுண்ணுயிரியல். பி.காம். படிக்கிறவன் எதற்கு பாக்டீரியா பக்கம் போகிறான் என்று கேட்டால், குற்றவாளி எங்கள் கம்பெனி லா புத்தகம்.

கோரம் என்றால் என்ன என்று என் வகுப்புத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒரு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 103. பிரைவேட் கம்பெனி என்றால் 2 பேர். பப்ளிக் கம்பெனி என்றால் உறுப்பினர் எண்ணிக்கை 1000 வரை 5 பேர், 5000 வரை 15 பேர், அதற்கு மேல் 30 பேர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி இதை உரக்கப் படித்துக் கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மைக்ரோபயாலஜி நண்பன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "டேய், எங்க சிலபஸ்லயும் கோரம் இருக்குடா, பாக்டீரியாவுக்கு" என்றான். தூக்கம் கெட்ட எரிச்சலில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உண்மையாகவே இருக்கிறது. அன்றிலிருந்து இதே வேலை.

கதை அமெரிக்காவில், ஹார்வர்டில் தொடங்குகிறது. 1960களின் கடைசி. ஜே. உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் அங்கே ஒளிவிடும் உயிர்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா இருந்தது. (அப்போது அதற்கு வேறு பெயர், இப்போது மறுபடியும் வேறு பெயர். உயிரியல்காரர்களுக்குப் பெயர் மாற்றுவதில் அப்படி ஒரு ஆசை.) குடுவையில் சத்துக் குழம்பை ஊற்றி இதைக் கொஞ்சம் விட்டால், செல்கள் இரண்டு நான்காகி நான்கு எட்டாகிப் பெருகும். ஆனால் வெளிச்சம் மட்டும் கூடாது. சில மணி நேரம் அப்படியே இருக்கும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் வெளிச்சம் திடீரென்று தாவி ஏறும், செல்கள் பெருகுவதைவிடப் பல மடங்கு வேகத்தில்.

ஏன்? 1968ல் கெம்ப்னர், ஹான்சன் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். குழம்பிலேயே வெளிச்சத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்ததும் விளக்கு எரிகிறது என்று. நியாயமான விளக்கம்தான். எனக்குக்கூட முதலில் அதுதான் தோன்றியிருக்கும். ஹேஸ்டிங்ஸ் ஆய்வகத்தில் இருந்த கென்னத் நீல்சனும் டெர்ரி பிளாட்டும் வேறு மாதிரி யோசித்தார்கள். குறைவது ஒன்றுமில்லை, சேர்வதுதான் ஒன்று இருக்கிறது என்று. பாக்டீரியா வளர்ந்து முடித்த பழைய திரவத்தை எடுத்து, அதிலிருந்து செல்களை நீக்கிவிட்டு, புது செல்களை அதில் போட்டால் அவை காத்திராமல் சீக்கிரமே ஒளிர ஆரம்பித்தன. அப்படியானால் ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தியும் கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனதும் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுகின்றன. 1970ல் இதை வெளியிட்டார்கள். கோரம் சேர்ந்துவிட்டது, கூட்டத்தைத் தொடங்கலாம்!

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது, நம் பாஷையில் செலவுக் கணக்கு. ஒளி உண்டாக்க ஆற்றல் செலவாகும். கடலில் தனியாக மிதக்கும் ஒற்றைச் செல்லின் ஒளி யார் கண்ணுக்கும் தெரியாது, வீண் செலவு. ஆனால் இதே பாக்டீரியா ஹவாய் கடலில் வாழும் ஒரு குட்டிக் கணவாயின் ஒளி உறுப்புக்குள் போய்விட்டால் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 கோடிக்கு மேல் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கும். அந்த ஒளி கணவாய்க்குப் பயன்படுகிறது. மேலிருந்து வரும் நிலா வெளிச்சத்தில் தன் நிழல் கீழே விழாமல் மறைத்துக் கொள்கிறது. பதிலுக்கு பாக்டீரியாவுக்கு இடமும் சாப்பாடும். தினமும் விடியற்காலையில் கணவாய் பெரும்பாலான பாக்டீரியாவை வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி வளர விடுகிறது. ஆகவே கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்து கொள்வது அதற்கு லாப நஷ்ட விஷயம்.

இவ்வளவு அழகான கண்டுபிடிப்பைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாக்டீரியா என்றால் ஒற்றைச் செல், தின்னும், பிரியும், அவ்வளவுதான் என்பது அப்போதைய எண்ணம். நீல்சன் குழு சொன்னதை ஏதோ ஓரத்தில் இருக்கும் ஒரு கடல் ஜந்துவின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் 1965லேயே நியூயார்க்கின் ராக்ஃபெல்லரில் அலெக்சாண்டர் தோமாஸ், நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா ஹார்மோன் போன்ற ஒரு பொருளை வெளியிட்டு, வெளியிலிருந்து டி.என்.ஏ.வை உள்ளே வாங்கும் திறனைக் கூட்டமாக மாற்றிக் கொள்கிறது என்று காட்டியிருந்தார். அதுவும் தனியாக ஒரு மூலையில் கிடந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஓர் இனம் தன் இனத்தையே எண்ணிப் பார்த்த கதை. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது அடுத்தது. 1979ல் ஹேஸ்டிங்ஸ் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் கிரீன்பெர்க், ஹேஸ்டிங்ஸ், ஷிமோன் உலிட்சூர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதில் பாத்திரம் இன்னொரு கடல் பாக்டீரியா, விப்ரியோ ஹார்வேயி. ஃபிஷெரியின் திரவத்துக்கு இது அசைந்து கொடுக்காது. ஆனால் வேறு சில கடல் பாக்டீரியாக்களின் திரவத்தை ஊற்றினால் ஒளிர்ந்தது. அந்த வேறு சிலவற்றில் ஒளியே விடாத இனங்களும் இருந்தன!

யோசித்துப் பாருங்கள். விளக்கே இல்லாத வீட்டுக்காரன் எதற்காக விளக்குப் போடும் சமிக்ஞையை அனுப்புகிறான்? அப்படியானால் அந்தப் பொருளின் வேலை விளக்கோடு முடிந்துவிடவில்லை. இனம் விட்டு இனம் ஏதோ போய்ச் சேர்கிறது. இதன் முழு அர்த்தத்தைப் பின்தொடர்ந்து எடுக்க இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1981ல் அனடோல் எபர்ஹார்டும் சகாக்களும் ஃபிஷெரியின் பொருளைப் பிரித்தெடுத்து அதன் வேதி அமைப்பைக் கண்டார்கள். ஹோமோசெரின் லாக்டோன் என்ற வளையத்தோடு ஆறு கார்பன் வால். 1983ல் ஜோஆன் எங்கிப்ரெக்ட், நீல்சன், மைக்கேல் சில்வர்மன் மூவரும் ஒளிக்கான மரபணுக்களை எடுத்து நம் குடலில் வாழும் ஈ. கோலைக்குள் வைத்தார்கள். அதுவும் கூட்டம் சேர்ந்ததும் ஒளிர்ந்தது. 1992ல் இங்கிலாந்தில் ஒரு குழு, காய்கறிகளை அழுக வைக்கும் எர்வினியா என்ற பாக்டீரியா எப்போது ஆன்டிபயாடிக் தயாரிக்கிறது என்று பார்த்துக் கொண்டிருந்தது. அதற்கு உத்தரவு கொடுக்கும் மூலக்கூறு எது என்று பார்த்தால், கணவாய்க்குள் இருக்கும் ஃபிஷெரியின் அதே மூலக்கூறு! கடலில் ஒன்று, அழுகிய உருளைக்கிழங்கில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே சொல். ஓரத்து விசித்திரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெயர் வந்தது 1994ல். கிளே ஃபுகுவா, ஸ்டீவன் வினன்ஸ், கிரீன்பெர்க் மூவரும் எழுதிய ஆய்வுரையில்தான் 'கோரம் சென்சிங்' என்ற சொல் முதலில் அச்சேறியது. அதை எடுத்துக் கொடுத்தவர் விஞ்ஞானி இல்லை. வினன்ஸ் தன் வீட்டாருக்கு இதை விளக்கிக் கொண்டிருந்தபோது, உறவினரான ஒரு வக்கீல்தான் கோரம் மாதிரியா என்று கேட்டாராம். ஆக, கம்பெனி லா படிக்கிற எனக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு :-)

இனி பானி பாஸ்லர். 1990ல் கலிஃபோர்னியாவில் சில்வர்மனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர், 1994ல் பிரின்ஸ்டனுக்குப் போனார். அவர் எடுத்துக் கொண்டது பழைய ஹார்வேயியை. அதன் சமிக்ஞை அமைப்பைச் சிதைத்துப் பார்த்தார். ஒளி அணைந்து போயிருக்க வேண்டும். அணையவில்லை. காரணம், அதற்கு ஒன்றுக்கு இரண்டு அமைப்புகள். முதல் சமிக்ஞைக்கு ஏஐ-1 என்று பெயர், இரண்டாவதற்கு ஏஐ-2. (இந்த ஏஐ செயற்கை நுண்ணறிவு அல்ல, 'ஆட்டோஇண்ட்யூசர்' என்பதன் சுருக்கம்.) ஏஐ-1 ஏறத்தாழ தன் இனத்துக்குள் மட்டும் பேசும் ரகசியம். அப்படியானால் இன்னொன்று எதற்கு?

பாஸ்லர் செய்த காரியம் எளிமையானது. ஹார்வேயியின் ஒரு காதை அடைத்துவிட்டார். அதாவது ஏஐ-1ஐ உணரும் ஏற்பி இல்லாத, ஏஐ-2ஐ மட்டும் கேட்கும் ஒரு வகையைப் பயன்படுத்தினார். இனி இதன் மேல் எந்த பாக்டீரியாவின் திரவத்தை ஊற்றி வெளிச்சம் வந்தாலும், அதில் ஏஐ-2 இருக்கிறது என்று அர்த்தம். உயிருள்ள ஒரு மீட்டர். 1997ல் கிரீன்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. 1979ல் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது போல. அடுத்த வருடம் மைக்கேல் சுரெட்டும் பாஸ்லரும் ஈ. கோலையையும் டைஃபாய்டின் சொந்தக்காரனான ஒரு சால்மொனெல்லாவையும் சோதித்தார்கள். வெளிச்சம் வந்தது. கடலைப் பார்த்தே இராத குடல் பாக்டீரியாவின் திரவத்துக்குக் கடல் பாக்டீரியா விளக்குப் போட்டது.

இதில் ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு. ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுத்தும் டிஎச்5-ஆல்ஃபா என்ற ஈ. கோலை வகை மட்டும் ஊமை. ஏஐ-2 தயாரிக்காது. அதை வீண் என்று ஒதுக்காமல், அதற்குள் வேறு பாக்டீரியாவின் மரபணுத் துண்டுகளைச் செருகி, எந்தத் துண்டு அதற்குப் பேச்சு கொடுக்கிறது என்று தேடினார்கள். 1999ல் கிடைத்த அந்த மரபணுவின் பெயர் லக்ஸ்-எஸ். தேடத் தேட அது ஏகப்பட்ட பாக்டீரியாக்களில் இருந்தது. 2002ல் பிரின்ஸ்டனில் ஃபிரெட்ரிக் ஹியூசனின் குழுவோடு சேர்ந்து, ஏற்பிக்குள் சிக்கிய ஏஐ-2வின் வடிவத்தையே பார்த்தார்கள். நடுவில் போரான் அணு! உயிரினங்களில் போரானுக்கு வேலை இருப்பதே அபூர்வம். ஆனால் கடல் நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவுக்கு அது கிடக்கிறது. 2004ல் பார்த்தபோது சால்மொனெல்லாவின் ஏற்பி பிடித்துக் கொள்ளும் வடிவத்தில் போரான் இல்லை. ஒரே மூலப்பொருள், இடத்துக்கேற்ப உருமாறி, இருவருக்கும் புரிகிறது. பாக்டீரியாக்களின் பொது மொழி என்ற வர்ணனை அப்போது பத்திரிகையெல்லாம் பரவியது.

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பனிடம் போய் ஒரு மணி நேரம் பெருமையாக அளந்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. "பேச்சுன்னு எப்படிடா முடிவு பண்ணின? குப்பையா இருந்தா?"

குப்பைதான் சிக்கல். லக்ஸ்-எஸ் புரதத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. செல்லின் அன்றாட வேதி வேலையில் சேரும் ஒரு நச்சுப் பொருளை உடைத்து, பயனுள்ள பகுதியைத் திரும்ப எடுப்பது. அந்த வேலையின் மிச்சமாக விழுவதுதான் ஏஐ-2வின் மூலப்பொருள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பை-ப்ராடக்ட் என்று படிக்கிறோமே, அது. மாவு மில்லில் தவிடு வருவதை வைத்து, மில்காரர் ஊர் மாடுகளுக்குச் செய்தி அனுப்புகிறார் என்று சொல்ல முடியுமா? நாட்டிங்ஹாமைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2002லேயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார்கள். பாக்டீரியா சாப்பிடப் போயிருக்கிறது, இப்போது பேச முடியாது என்ற பொருளில் தலைப்பு வைத்து நக்கலாகவே எழுதினார்கள். அதே வருடம் கனடாவின் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் இன்னும் ஒரு படி மேலே போய், செல் எண்ணுவது கூட்டத்தையே இல்லாமல் இருக்கலாம் என்றார். தான் வெளியே விடும் பொருள் அடித்துப் போகப்படுகிறதா, பக்கத்திலேயே தங்குகிறதா என்று பார்க்கும் தனி மனிதச் சோதனையாக இருக்கலாம், கூட்டம் என்பது நாம் பார்க்கும் பார்வை என்று.

எனக்கு மிகவும் பிடித்தது 2006ல் நடந்தது. ஏஐ-2வைக் குடல் பாக்டீரியாவில் கண்ட அதே மைக்கேல் சுரெட், லாரன்ட் கெல்லர் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் பேச்சு என்று சொல்லாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள் என்றார்கள். என் கடைத்தெரு உதாரணத்தில் சொல்கிறேன். கடைக்காரர் வாசலில் போர்டு வைக்கிறார், நாம் படித்து உள்ளே போகிறோம், இருவருக்கும் லாபம். இது சமிக்ஞை. அவர் ராத்திரி வெளியே போடும் காலி அட்டைப் பெட்டிகளைப் பார்த்து, எதிர்க்கடைக்காரர் இன்று எந்தச் சரக்கு ஓடியது என்று தெரிந்து கொள்கிறார். பெட்டி போட்டவருக்கு அந்த எண்ணமே கிடையாது. இது தடயம். மூன்றாவது, 'இன்றே கடைசி' என்று வருடம் முழுக்கப் பலகை மாட்டி ஆளை இழுப்பது. கேட்பவருக்கு நஷ்டம். இது வசப்படுத்தல். இனம் விட்டு இனம் நடப்பதில் முதல் வகையை நிரூபிப்பதுதான் கஷ்டம். தன் கண்டுபிடிப்பின் பளபளப்பைத் தானே கொஞ்சம் துடைத்துவிட ஒரு மனம் வேண்டும். சுரெட் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

இந்த மூன்றையும் வைத்துக் கொண்டு பார்த்தால் பிறகு வந்த ஆய்வுகள் வேறு மாதிரி தெரிகின்றன. நம் பல்லின் மேல் படியும் காரையில் இரண்டு பாக்டீரியாக்கள் உண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ், ஆக்டினோமைசஸ் நேஸ்லுண்டி. எச்சிலை மட்டும் சாப்பாடாகக் கொடுத்தால் தனித்தனியே இரண்டும் நோஞ்சான்கள். சேர்ந்தால் செழிக்கின்றன. 2006ல் வந்த ஆய்வில் ஓராலிஸின் லக்ஸ்-எஸ்ஸை எடுத்துவிட்டார்கள், கூட்டு உடைந்தது. வெளியிலிருந்து ஏஐ-2வைச் சரியான அளவில் ஊற்றினால் மறுபடி சேர்ந்தது. அளவு கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. இது போர்டுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு: நோயாளிகளின் உடம்பில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் கேண்டிடா என்ற பூஞ்சையும் ஒரே இடத்தில் குடியிருப்பது உண்டு. கேண்டிடா சில சமயம் உருண்டைச் செல், சில சமயம் நீண்ட இழை. டெபோரா ஹோகனும் ராபர்ட்டோ கோல்டரும் 2002ல் காட்டியது, சூடோமோனாஸ் இழைகளைப் பிடித்துக் கொல்கிறது, உருண்டைகளை விட்டுவிடுகிறது என்று. 2004ல் இன்னொன்று தெரிந்தது. சூடோமோனாஸ் தன் கூட்டத்தை எண்ணப் பயன்படுத்தும் மூலக்கூறு பக்கத்தில் இருந்தாலே கேண்டிடா இழை விடாமல் உருண்டையாகவே இருந்துவிடுகிறது. எதிரி தங்களுக்குள் கோரம் எண்ணுவதை ஒட்டுக்கேட்டு ஒளிந்து கொள்கிறதா, இல்லை எதிரிதான் அதை அடக்கி வைக்கிறதா? நான் ஒட்டுக்கேட்பதன் பக்கம். நண்பன் அடக்குவதன் பக்கம்.

கடைசியாக டாக்கா. காலரா பாக்டீரியாவுக்கு ஒரு தலைகீழ் பழக்கம். மற்ற பல நோய்க்கிருமிகள் கூட்டம் சேர்ந்ததும் தாக்கும். இது கூட்டம் குறைவாக இருக்கும்போது தாக்கி, சேர்ந்ததும் நிறுத்திவிட்டு, பேதியோடு வெளியே கிளம்பத் தயாராகிறது. ஆக, கூட்டம் நிறைய இருக்கிறது என்று அதை நம்ப வைத்தால் தாக்குதலை முன்கூட்டியே நிறுத்துமா? 2014ல் ஜெஃப்ரி கார்டனின் குழுவும் வங்கதேச ஆய்வாளர்களும் டாக்காவில் காலரா வந்து குணமான பெரியவர்களின் குடல் பாக்டீரியாக்களை வரிசையாகக் கவனித்தார்கள். குணமாவதோடு சேர்ந்து தலைதூக்கியவற்றில் ஒன்று ரூமினோகாக்கஸ் ஓபியம். (போதை அபின் இல்லை, வெறும் பெயர்ப் பொருத்தம்.) அதை எலிகளின் குடலில் வைத்தபோது காலரா கிருமியால் முன்போல் குடியேற முடியவில்லை. அது வெளியிடும் ஏஐ-2, காலரா கிருமி குடலில் ஒட்டிக் கொள்வதற்கான மரபணுக்களை அடக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், காலரா கிருமியில் ஏஐ-2வைக் கேட்பதற்கென்று தெரிந்திருந்த ஏற்பி இதற்குத் தேவைப்படவில்லை. வேறு ஏதோ ஒரு வழியாகக் கேட்டிருக்கிறது.

ஹேஸ்டிங்ஸ் அந்த வருடமே காலமானார். பாஸ்லரும் கிரீன்பெர்க்கும் 2015ல் ஷா பரிசு பெற்றார்கள். 2023ல் அவர்களோடு சில்வர்மனுக்கும் கனடாவின் கெய்ர்ட்னர் விருது கிடைத்தது.

ஓபியம் செய்தது போர்டா, காலி அட்டைப் பெட்டியா, 'இன்றே கடைசி' பலகையா? நானும் நண்பனும் மூன்று ராத்திரி சண்டை போட்டாயிற்று, வார்டன் இரண்டு தடவை கதவைத் தட்டியும் ஆயிற்று. நுண்ணுயிரியல் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தீர்ப்பு சொல்லுங்கள், பிழை இருந்தால் திட்டுங்கள். அப்புறம், கம்பெனி லா பேப்பரில் பிரிவு 103லிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.